எடுத்துவிடச் சொன்ன பக்கம்

ஜனவரி 12

அன்பு வாண்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் இந்த வாரம் கொஞ்சம் கருணை காட்டுகிறது. எனக்குப் பழைய தலைவலி, அதற்கு நான் பழகிவிட்டேன். உன் இருமல் நின்றதா? மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவள் நீ, அதனால் கேட்கிறேன். ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது என்று அம்மா போட்ட சட்டம்தானே இந்தக் கடிதப் போக்குவரத்து! அதனால் விஷயத்தை நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் தலைமையாசிரியை ஏப்ரலோடு ஓய்வு பெறுகிறார். அப்பா பதினைந்து வருஷம் உட்கார்ந்த நாற்காலி காலியாகிறது. நான் விண்ணப்பம் போடப்போகிறேன். இருபத்து நாலு வருஷமாக இதே பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை, ஒரு நோட்டைத் திருத்தாமல் மறுநாளைக்கு வைத்ததில்லை. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். இதை உன்னிடம் சொல்ல வெட்கமில்லை.

பள்ளிக் குழு இந்தத் தடவை புதிதாக ஒன்று கேட்கிறது. 'என் விசுவாசம் என் வகுப்பறையில் என்ன செய்கிறது' என்று இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகளை ஆண்டவர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் அவரிடம் பதில் சொல்ல வேண்டும், ஆகவே ஒழுங்கும் நேரமும் திருத்தமுமே என் ஜெபம். ஆறு வரியில் முடிந்துவிட்டது. மீதிக் காகிதம் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நீ இதிலெல்லாம் கெட்டிக்காரி. உன் கடிதம் வந்தால் அம்மா பக்கத்து வீட்டு நர்ஸைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்கிறாள். நான் தினமும் பக்கத்திலேயே இருந்து பேசுகிறேன், அதைக் கேட்கத்தான் ஆளில்லை. பொறாமைதான், வேறென்ன!

ஜெபிக்கும்போது என்னை நினை. உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

* * *

ஜனவரி 25

அன்பான அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் இருமலைத் தவிர எங்கள் வீட்டில் எல்லாரும் சுகம். மருந்தை முழுசாகக் குடித்தேன், நம்பு. உன் தலைவலிக்குக் கண்ணைப் பரிசோதித்துக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது? அத்தானாவது உன்னை இழுத்துக்கொண்டு போகக்கூடாதா?

அக்கா, ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. குழுச் செயலாளர் எனக்கும் படிவம் அனுப்பியிருக்கிறார். கூடவே ஃபோன். "உங்கப்பா பிள்ளைங்க ரெண்டு பேருமே போடுங்கம்மா, யார் வந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்" என்கிறார். எனக்கும் ஆசைதான். அப்பாவின் அறையில் உட்கார யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் படிவத்தைக் கிழித்துவிடுவேன்.

நான் எழுதிய இரண்டு பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பார்க்காமல் நான் எதையும் அனுப்பமாட்டேன். இரண்டாவது பக்கத்தில் இருப்பது உனக்குக்கூட நான் சொல்லாத கதை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இங்கே என் பள்ளியில் காய்ச்சலோடு கணக்கு வகுப்புக்குப் போய், வட்டத்தின் சுற்றளவுக்குப் பதிலாகப் பரப்பளவுச் சூத்திரத்தைப் பலகையில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கு அன்று விளையாட்டுப் பயிற்சி. வகுப்பில் இருந்தவர்கள் இரண்டே பேர்: ஒரு டாக்டரின் மகள், ஒரு தையல்காரரின் மகள். பரீட்சையில் இருவரும் ஒரே தப்பை எழுதினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தையல்காரர் மகள்தான் பார்த்து எழுதியிருப்பாள் என்று அவளுக்கு மட்டும் பூஜ்யம் போட்டு வெளியே நிற்கவைத்தேன். ஒரு வாரம் கழித்து டாக்டர் மகளின் நோட்டைத் திருத்தும்போது என் தப்பு தேதியோடு இருந்தது.

வகுப்பு முழுவதின் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டீச்சர்" என்றாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை எங்களுக்கு மன்னிப்பு நேரம். அந்த வாரம் நான் செய்த தப்பைப் பிள்ளைகள் சொல்லலாம். நான் மன்னிப்புக் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை மன்னிக்கப்பட்டவள் என்று பாடிவிட்டு, திங்கட்கிழமை தப்பே செய்யாதவள் மாதிரி வகுப்பில் நிற்கிறோமே, அந்த நடிப்பைத்தானே பிள்ளைகள் நம்மிடம் முதலில் கற்றுக்கொள்கிறார்கள்? இதுதான் என் கல்வித் தத்துவம், தத்துவம் என்று அதைச் சொல்லலாம் என்றால்.

படித்துவிட்டு நெஞ்சில் பட்டதைச் சொல். அம்மாவுக்கு முத்தம்.

வாண்டு

* * *

பிப்ரவரி 22

அன்பு வாண்டுக்கு,

பதில் தாமதம். விடைத்தாள் கட்டு தலைக்கு மேல் இருந்தது. இங்கே எல்லாரும் சுகம், தலைவலியும் சுகமாகவே இருக்கிறது.

விண்ணப்பம் போட என்னிடம் எதற்குக் கேட்கிறாய்? பள்ளி என்ன என் வீட்டு அடுப்படியா? தாராளமாகப் போடு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்காக ஜெபிப்பது என்று குழம்பிப்போவாள். குழம்பாமலும் இருக்கலாம், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

உன் எழுத்தைப் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று தடவை படித்தேன். ஆனால் அக்கா என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவது பக்கத்தை எடுத்துவிடு. இந்தக் குழுவை எனக்கு இருபத்து நாலு வருஷமாகத் தெரியும். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்து நிற்பவளை ஒரு நீதிபதி என்ன செய்வார், நீயே சொல். "தப்புச் சூத்திரம் எழுதிக் கொடுத்தவங்கள தலைமைக்குப் போடறதா?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை சமாசாரமும் வேண்டாம். இங்கே அது எடுபடாது. அதற்குப் பதில் வேத வசனங்களைப் போடு. ஒரு பத்து இருந்தால் பக்கம் நிறைந்துவிடும்.

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அக்கா

* * *

மார்ச் 1

அன்பான அக்காவுக்கு,

இருமல் இல்லை, சளி இல்லை, உன் வாண்டு கல்லுமாதிரி இருக்கிறாள்.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். இரண்டாவது பக்கத்தை எடுத்தபோது கொஞ்சம் வலித்தது. ஆனால் உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது? பதினோரு வசனம் போட்டிருக்கிறேன், ஒன்று உன் கணக்குக்கு மேலே. நீ மட்டும் சொல்லாமல் இருந்தால் நீதிபதி முன்னால் நானே போய்க் கூண்டில் ஏறியிருப்பேன்!

அந்தத் தையல்காரர் மகள் இப்போது எங்கள் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். போகும்போது வரும்போது "வணக்கம் டீச்சர்" என்பாள். அதோடு சரி.

நேர்காணல் ஏப்ரல் நாலாம் தேதியாம். எனக்குக் காலையில், உனக்கு மத்தியானம். நேரே உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

வாண்டு

* * *

ஏப்ரல் 9

அன்பான அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் கூட்டம், ஆனால் இடம் கிடைத்தது. அம்மா கொடுத்துவிட்ட போர்வையை மறந்து உன் வீட்டுக் கட்டிலிலேயே விட்டுவிட்டேன், திட்டுவாள்.

அன்று உனக்குத் தலைவலி என்று அறைக்குள்ளேயே இருந்துவிட்டாய். என் நேர்காணலைப் பற்றிப் பேசவே முடியவில்லை. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல வசனமெல்லாம் இருக்கு. நீங்க எங்கம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். அந்தக் கதை வாய் வரைக்கும் வந்துவிட்டது, அக்கா. நீ சொன்னதை நினைத்து விழுங்கினேன். ஏதோ உளறினேன். அவர் முகத்தில் இருந்த ஆர்வம் அப்படியே இறங்கிப்போனதைப் பார்த்தேன்.

போகட்டும். ஆண்டவர் சித்தம். உனக்குக் கிடைக்க வேண்டும் என்று வாயால் ஜெபிக்கிறேன், மனசும் பின்னாலேயே வந்து சேரும் என்று நம்புகிறேன்.

வாண்டு

* * *

மே 4

அன்பு வாண்டுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. போர்வையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

குழு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஐந்து பேரும் ஒரே மனதாகவாம். நீ வருத்தப்படக்கூடாது. உனக்கு இன்னும் வயது இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். அழுதாள். யாருக்காக அழுதாள் என்று நான் கேட்கவில்லை.

வேலை நிறைய இருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்கா

* * *

மே 12

அன்பான அக்காவுக்கு,

வாழ்த்துகள்! தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு என்று எழுதவேண்டுமோ?

பொய் சொல்லமாட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். "யார் மேல கோபமோ தெரியல, அடி வாங்குறது பாத்திரம்" என்றார் என் வீட்டுக்காரர். மூன்றாம் நாள் சிரித்துவிட்டேன். வேறு யாரோ உட்கார்ந்திருந்தால் எரிந்திருக்கும். நீ உட்கார்ந்திருப்பது கொஞ்சமாகத்தான் எரிகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'நீங்க எங்க இருக்கீங்க' என்று உன்னையும் கேட்டார்களா? நீ என்ன பதில் சொன்னாய்? ஐந்து பேரையும் ஒரே மனதாக்கிய பதிலை நானும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அறையில் அப்பா படம் இன்னும் இருக்கிறதா? அம்மாவின் காலைப் பார்த்துக்கொள்.

வாண்டு

* * *

ஜூலை 17

அன்பு வாண்டுக்கு,

இரண்டு மாதமாக எழுத முடியவில்லை. பதவி ஏற்ற வாரமே மாடியில் மழை ஒழுகி ஆறாம் வகுப்பு மேசைகள் நாசம். ஆய்வகத்துக்கு ஆள் இல்லை. காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருகிறேன். தலைவலி கூடிவிட்டது. அம்மா சுகம். அப்பா படம் இருக்கிறது, கண்ணாடியைத் துடைக்கச் சொன்னேன்.

ஒரு சின்ன யோசனை வேண்டும். குழுவில் எல்லா வகுப்பிலும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை அந்த மாதிரி நடத்தவேண்டும் என்கிறார்கள். மன்னிப்பு நேரம். முதலில் தலைமையாசிரியையே எட்டாம் வகுப்பில் ஆரம்பித்துக் காட்டவேண்டுமாம். நீ அதை எப்படி நடத்துகிறாய்? நான் தாங்க முடியாததாகப் பிள்ளைகள் ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது? சீக்கிரம் எழுது.

அக்கா

* * *

ஜூலை 24

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்.

நீ கேட்டது: கதவைச் சாத்திவிட வேண்டும். வேறு ஆசிரியர் யாரும் உள்ளே இருக்கக்கூடாது. முதலில் நம் தப்பை நாமே சொல்ல வேண்டும். பிள்ளைகள் சொல்லும்போது காரணம் சொல்லக்கூடாது, 'ஆனால்' என்ற வார்த்தையே வரக்கூடாது. நான் செய்தது தப்பு, அவ்வளவுதான்.

நான் கேட்பது: அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுத்தானே அனுப்பினேன். குழுவுக்கு வெள்ளிக்கிழமையைப் பற்றி யார் சொன்னது?

தங்கை

* * *

செப்டம்பர் 14

என் வாண்டுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். சுகமா?

நான்தான் சொன்னேன். அன்று மத்தியானம் நீதிபதி என்னிடமும் அதையே கேட்டார். "ஒழுங்கு, நேரம், எல்லாம் சரி. இதுல நீங்க எங்க?" என் இருபத்து நாலு வருஷத்தையும் துழாவினேன். காட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உன் காகிதம்தான் கண் முன்னால் வந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலோடு வகுப்புக்குப் போனேன் என்று ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் மகள், தையல்காரர் மகள், பூஜ்யம், எல்லாம். நிறுத்த முடியவில்லை. செயலாளர் கண்ணைத் துடைத்தார். ஜென்மத்தில் என் பேச்சைக் கேட்டு யாரும் கண்ணைத் துடைத்ததில்லை, வாண்டு.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேனே, அது உன் நல்லதுக்கு என்று எழுதினேன். பொய். முதல் தடவை படித்தபோதே இந்த நாற்காலி உனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து உன் மேல் எனக்குப் பொறாமை. நான் விடிய விடிய உழைப்பேன், நீ வாயைத் திறந்தால் போதும், வீடே உன் பக்கம் திரும்பிவிடும். தப்பு செய்தால்கூட உனக்கு அழகாக இருக்கிறது. எனக்குத் தப்பு செய்யவே தெரியவில்லை என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்டில் எட்டாம் வகுப்பில் கதவைச் சாத்திக்கொண்டு அதே கதையை என் கதையாகப் பிள்ளைகளிடம் சொன்னேன். முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க? உங்ககிட்ட பேசுவாங்களா?" என்று கேட்டாள். உன் தையல்காரர் மகளை நான் பார்த்ததே இல்லையே! பாடவேளை முடியும்முன்பே வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் குழுவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி ராஜினாமாவை நீட்டினேன். நீதிபதி அதைத் திருப்பிக் கொடுத்தார். "இந்த வயசுல, இந்தப் பதவியில உட்கார்ந்துகிட்டு இதைச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? நீங்கதான்மா எங்களுக்கு வேணும்" என்றார். எழுந்து நின்று கைதட்டினார்கள். ஞாயிறு ஆராதனையில் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் அழுதாள். மனசு எவ்வளவு லேசாகிவிட்டது தெரியுமா!

எல்லாரிடமும் சொன்ன பிறகு உன்னிடம் சொல்கிறேன். உன்னிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. என்னை மன்னித்துவிடு, வாண்டு. ஒரு வரி எழுதிப் போடு.

அக்கா

* * *

அக்டோபர் 21

என் வாண்டுக்கு,

நலமா? ஐந்து வாரமாகிறது. தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். அம்மாவும் "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை போதும். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அக்கா

* * *

நவம்பர் 20

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் அத்தானும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் அதில் நான் இல்லை, பதினோரு வசனம்தான் இருந்தது.

எனக்கு வயிறு எரிகிறது, அக்கா. நாற்காலி போனதற்காக மட்டும் இல்லை. என் கதையைச் சொன்னாய், கண்ணைத் துடைத்தார்கள். அதைத் திருடினேன் என்று சொன்னாய், எழுந்து நின்று கைதட்டினார்கள். உனக்கு மனசு லேசாகிவிட்டதாம்! என் பாரம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டார்களா? நீ பேசினால் கேட்க ஆளில்லை என்று எழுதினாயே, இப்போது சபையே கேட்கிறது. அம்மா உன் கையைப் பிடித்தாளாம். ஐந்து மணி நேர ரயில் தூரத்தில் இருந்த என் கையை யார் பிடித்தது? உனக்குப் பொறாமை வந்தால் பதவி கிடைக்கிறது. எனக்கு வந்தால் வயிற்றுவலிதான் வருகிறது.

ஜூலையிலிருந்து நான் வெள்ளிக்கிழமை நேரத்தை நடத்தவில்லை. தொண்டை சரியில்லை என்று பிள்ளைகளிடம் சாக்கு சொன்னேன். உன்னை நினைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் எப்படி நிற்பது?

போன மாதம் கண்ணாடி மாற்றப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. அவள்தான் இருந்தாள். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நான் மன்னிப்புக் கேட்டேனே, பரவாயில்லன்னு சொன்னே. நெஜமாவே பரவாயில்லையா?"

அவள் கையில் இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாரும் கைதட்டினாங்க டீச்சர். நாப்பது பேரும் என்னையே பாத்தாங்க. வேற என்ன சொல்றது?" என்றாள். பிறகு, "வெளிய நிக்க வெச்சப்பகூட நான் அழல. அன்னைக்குத்தான் வீட்டுக்குப் போய் அழுதேன். உங்களைப் பத்தி எல்லாரும் பெருமையாப் பேசினாங்க. எனக்கு மட்டும் கோபம் போகல. அப்போ நான்தான் கெட்டவளோன்னு நெனச்சேன்" என்றாள்.

பதினொரு வருஷம் அந்தக் கைதட்டலை நான் என் தத்துவமாக வைத்துக்கொண்டிருந்தேன், அக்கா. மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். கொடுக்க வேண்டியவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நீ எனக்குச் செய்ததைத்தான் நான் அவளுக்குச் செய்திருக்கிறேன். என் பக்கத்தை நீ திருடியபோது அந்தத் தப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

"இப்ப கேக்கறேன். இங்க யாரும் பாக்கல" என்றேன்.

"யோசிச்சு சொல்றேன் டீச்சர். அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல" என்றேன். முதல் தடவையாக அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

போன வெள்ளிக்கிழமை திரும்ப ஆரம்பித்தேன். இனி எங்கள் வகுப்பில் யார் கேட்டாலும் உடனே 'பரவாயில்ல' சொல்ல வேண்டியதில்லை. கைதட்டலும் கிடையாது. ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னவர், எத்தனை நாளுக்குள் என்று கெடு வைக்கவில்லையே. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அப்போ எனக்கு ரெண்டு வாரம் வேணும் டீச்சர்" என்றாள். கொடுத்தேன்.

நாற்காலியை விட்டு எழுந்திரு என்று சொல்லமாட்டேன். உட்கார்ந்துவிட்டாய், நன்றாக நடத்து. அம்மாவிடம் நானே தனியாக எழுதிக்கொள்கிறேன். இனி தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்காதே, தலைவலிதான் கூடும்.

நீ கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன்.

வாண்டு